ஓட்டமும் நிதானமும்

தமிழில் 'ஓட்டம்' என்னும் சொல்லுக்கு ஓய்வே கிடையாது. காலம் ஓடுகிறது, கடை ஓடுகிறது, வண்டி ஓடுகிறது, குடும்பமும் ஓடுகிறது. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று வினவினால், "ஏதோ ஓடுகிறது" என்பதே பெரும்பாலோர் தரும் விடை. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் ஓடுகிறோம். வளைகுடா நாடுகளுக்குக் கடல் கடந்தும் ஓடுகிறோம். இத்தனை ஓட்டங்களுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆனால், துரத்துவார் எவருமின்றி, பிடிக்க வேண்டிய வண்டியும் இன்றி, பரிசு கிடைக்கும் என்னும் நம்பிக்கையும் இன்றி, ஒரு மனிதன் விடியற்காலையில் தன் கால்களால் ஓடினான் என்றால், அப்போதுதான் ஊர் திரும்பிப் பார்க்கிறது, சிரிக்கவும் செய்கிறது.

அவ்வாறு திரும்பிப் பார்க்கப்பட்டவர்களுள் நாமும் ஒருவர். தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் இடையில் இருப்பது நாம் குடியிருக்கும் பொத்தேரி. ஏரியின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் இவ்வூரில் இன்று பல்கலைக்கழகமும், மாணவர் விடுதிகளும், அடுக்குமாடி வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. காலை ஏழு மணிக்கு மேல் இங்கே ஓடாதவர் எவருமில்லை. மின்சார ரயிலுக்காகப் படியேறி ஓடுவோரும், வகுப்புக்காக ஓடுவோரும், கல்லூரிப் பேருந்தை நோக்கி ஓடுவோருமாக ஊரே ஓடுகிறது. நாம் ஓடியதோ அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக. வேறுபாடு அவ்வளவுதான்.

நெடுந்தூர ஓட்டத்தில் நமக்கு நாட்டம் பிறந்தது வீரத்தால் அன்று, அச்சத்தால். 52ஆம் வயதில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் அளவு ஏறியிருந்தது. நம் குடும்பத்தில் அது புதிய விருந்தாளியும் அன்று. தந்தையார், சிறிய தந்தையார், மூத்த சகோதரி என்று ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு நம்மிடம் வந்து சேர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவுடன் நாடு தழுவி நடைபெற்று, 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று கணக்கிட்டது. நம் வீடுகளில் இந்தக் கணக்கை மெய்ப்பிக்க ஆய்வாளர்கள் தேவையில்லை. வலீமா விருந்தில் பிரியாணித் தட்டுக்கு முன்னால் அமர்ந்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுப்போரை எண்ணினாலே போதும்.

மருத்துவர், "நடங்கள், முடிந்தால் மெல்ல ஓடுங்கள்" என்றார். இதயத்தைப் பரிசோதித்து அனுமதியும் அளித்தார். நடப்பதற்கு ஓர் இலக்கு இருந்தால்தான் மனம் வசப்படும் என்று எண்ணி, 2025 ஜனவரியில் நடைபெறவிருந்த சென்னை மாரத்தானின் அரை மாரத்தான் ஓட்டத்தைக் குறியாக வைத்தோம். 2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம் பயிற்சி தொடங்கிற்று. கையில் இருந்தவை ஒன்பது மாதங்கள்.

முழு மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கில் வின்சர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கின் அரசக் குடும்ப இருக்கை வரை அளந்து ஓடவிட்ட தூரமே, பின்னர் 1921இல் உலகம் முழுமைக்கும் உரிய அளவாக நிலைபெற்றது. எண்ணாகச் சொன்னால் இது மனத்தில் பதியாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு விதமாகச் சொல்வதுண்டு. பொத்தேரி நிலையத்தில் ரயிலேறி, தாம்பரம், கிண்டி, மாம்பலம், எழும்பூர் எல்லாம் கடந்து, கடற்கரை நிலையத்தில் இறங்கினால் அது ஏறத்தாழ ஒரு முழு மாரத்தான். திரிசூலத்தில் விமான நிலையத்துக்கு எதிரே இறங்கிவிட்டால் அது ஏறத்தாழ அரை மாரத்தான். ரயிலில் உட்கார இடமின்றி நின்று போகிறவர்களுக்கே கால் வலிக்கும் தூரம் அது!

முதல் நாள் நாம் ஓடியது தொடர்ந்தாற்போல் ஒரு நிமிடம். அதன்பின் இரண்டு நிமிடம் நடை. மீண்டும் ஒரு நிமிடம் ஓட்டம். இப்படி அரைமணி நேரம். நம்மோடு மூவர் சேர்ந்திருந்தனர். பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பழக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர். பள்ளிவாசலில் சுப்ஹு ஜமாஅத் முடிந்து, காலணியை மாற்றிக்கொண்டு, தெருவிளக்கு அணையுமுன் நால்வரும் புறப்படுவோம்.

ஓட்டப் பயிற்சி என்றவுடன் மூச்சு வாங்க, வியர்வை கொட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதே நம் கண்முன் வருகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. சாதாரண மனிதனின் நெடுந்தூரப் பயிற்சியில் பெரும் பகுதி மெதுவான ஓட்டமே. உடன் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேசி முடிக்க இயல வேண்டும்; இயலாவிட்டால் வேகம் மிகுதி என்று பொருள். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பெரியவர் தம் பேரப்பிள்ளையின் குறும்புகளைச் சொல்லிக்கொண்டே வருவார். கதை நடுவில் நின்றுபோனால், நால்வரும் வேகத்தைக் குறைத்துவிடுவோம்.

மெல்ல ஓடுவதால் என்ன விளையும் என்று ஐயுறலாம். அந்த நிதானத்தில்தான் உடல் தன் வேலையைச் செய்கிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிட மிகுதியான குருதியை வெளியேற்றக் கற்கிறது. தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. உயிரணுக்களின் உலைக்களமாகிய மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. சேமித்து வைத்த கொழுப்பை எரித்து ஆற்றலாக்கும் திறன் வளர்கிறது. உழைக்கும் தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. இவை யாவும் ஒரே நாளில் நிகழ்வன அல்ல. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிகழ்வன.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் பழகிக்கொள்கின்றன. எலும்புகளும் தசைநாண்களுமோ மாதங்களைக் கேட்கின்றன. மூச்சு ஒத்துழைக்கிறது என்று கண்ட இளைஞர்கள், கால்களும் ஒத்துழைக்கும் என நம்பித் தூரத்தையும் வேகத்தையும் ஒருசேரக் கூட்டிவிடுகின்றனர். எங்கள் நால்வருள் இருந்த மாணவருக்கு நேர்ந்தது அதுவே. மூன்றாம் வாரத்தில் அவர் எங்களை விட்டு முன்னே பறந்தார். ஆறாம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே கணுக்கால் எலும்பில் வலியெடுத்து, இரண்டு மாதம் படுக்கையும் புத்தகமுமாக இருந்தார். இருபது வயது அவருக்கு. பெரியவருக்கு அறுபத்து நான்கு. ஆனால், ஒரு நாளும் தடைபடாமல் பயிற்சியை நடத்தியவர் பெரியவர்தாம்.

இந்த மெதுவோட்டக் கலையை உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் தலையாயவர் நியூசிலாந்து நாட்டின் ஆர்தர் லிடியார்டு. இவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த தொழிலாளி. தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கி, ஆண்டுக்கணக்கில் ஓடிப்பார்த்து, தம் முறையை வகுத்தார். ஆக்லாந்தில் தம் வீட்டைச் சுற்றியிருந்த இளைஞர்களைப் பழக்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றனர். அதைவிடப் பெரிய பணியை அவர் செய்தது அதற்குப் பின்னர்தான். இதய நோயினர் படுத்தே கிடக்க வேண்டும் என்று கருதப்பட்ட அந்நாளில், நடுத்தர வயதினரையும் இதய நோய் கண்டவர்களையும் பூங்காக்களில் மெல்ல மெல்ல ஓடவைத்தார். 1962ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் இதைக் கண்டு வியந்து, தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். இன்று உலகெங்கும் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் காலையில் ஓடும் கூட்டத்துக்கு, அந்தக் காலணித் தொழிலாளியும் ஒரு தோற்றுவாய்.

நியூசிலாந்தின் குளிர்ந்த பூங்கா வேறு. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோடை வேறு. கத்திரி வெயில் நாட்களில் விடியற்காலை ஐந்தேகால் மணிக்கே சட்டை நனைந்துவிடும். இங்கே வெப்பத்தைவிடக் கொடியது காற்றின் ஈரம். வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாவதால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும், ஓடுவதற்குத் தசைக்கும் ஒரே நேரத்தில் குருதியை அனுப்ப வேண்டிய இதயம் இருமடங்கு உழைக்கிறது. ஆதலால், நாள்காட்டியைப் பார்த்து ஓடாமல் வானத்தைப் பார்த்து ஓட வேண்டும். ஏறத்தாழ இரண்டு வாரம் பொறுமையாக அந்த வெயிலிலேயே பழகினால், உடல் முன்னதாகவே வியர்க்கவும், வியர்வையில் உப்பைக் குறைத்து வெளியேற்றவும் கற்றுக்கொள்கிறது.

நீர் அருந்துவதிலும் ஓர் அளவு வேண்டும். குறைவு தீங்கென்பதை எல்லாரும் அறிவர். மிகுதியும் தீங்கென்பதைச் சிலரே அறிவர். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களுள் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்கு உப்புச் சத்து அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. தாகத்தை மீறி நீரைக் குடித்துக்கொண்டே ஓடியது அதற்கு முதன்மையான காரணம். தாகத்துக்கு ஏற்ப அருந்துவதும், நெடுநேர ஓட்டத்தில் உப்புச் சேர்ப்பதும் போதுமானவை. எங்கள் வீட்டில் விலையுயர்ந்த பானம் எதுவும் வாங்கவில்லை. உப்பிட்ட மோரும், எலுமிச்சைச் சாறும், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்குப் பின் பாசிப்பருப்பிட்டுக் காய்ச்சிய கஞ்சியும் எங்களை ஓடவைத்தன. நோன்புக் கஞ்சியைக் கண்டறிந்த நம் முன்னோர் ஓட்டக்காரர்கள் அல்லர். எனினும், களைத்த உடலுக்கு நீர், உப்பு, மாவுச்சத்து, புரதம் நான்கையும் ஒரே கோப்பையில் தந்திருக்கின்றனர்.

உடலைப் பழக்குவது ஒரு பாதி என்றால், ஓட இடம் தேடுவது மறுபாதி. ஜி.எஸ்.டி. சாலை அகலமாக்கப்பட்ட பின்னர், அங்கே வண்டிகள் விரைகின்றன. கால்நடையாகச் செல்பவனுக்கு விளிம்பும் மிஞ்சவில்லை. விடியற்காலையில் வெளியூர்ப் பேருந்துகள் நகரை நோக்கிப் பாய்ந்து வரும் நேரமும் நாம் ஓடும் நேரமும் ஒன்றே. எனவே உட்புறத் தெருக்களையும் ஏரிக்கரைப் பக்கத்தையும் நாடினோம். ஞாயிறன்று கூடுவாஞ்சேரி நந்திவரம் ஏரிப் பக்கம் வரை செல்வதுண்டு. தெருக்களில் நாய்களின் ஆட்சி. அவற்றைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்தி, நடந்து கடந்து, பிறகு ஓட வேண்டும். ஓடுபவனைத்தான் அவை துரத்துகின்றன, நடப்பவனை மன்னித்துவிடுகின்றன.

சாலையைப் பற்றிய அச்சம் வீண் அச்சம் அன்று. பஞ்சாபில் ஜலந்தருக்கு அருகே பியாஸ் பிண்டு என்னும் சிற்றூரில் பிறந்து, எண்பது வயதைக் கடந்த பின்னர் இங்கிலாந்தில் நெடுந்தூர ஓட்டத்தைத் தொடங்கியவர் ஃபௌஜா சிங். மனைவியையும் மகனையும் இழந்த துயரிலிருந்து மீள அவர் ஓடத் தொடங்கினார். 2011இல் டொராண்டோவில், தம் நூறாம் வயதில், முழு மாரத்தானையும் ஓடி முடித்தார். 2025 ஜூலையில் தம் சொந்த ஊருக்கருகே சாலையைக் கடக்கையில் வாகனம் மோதி மாண்டார். நூறாண்டு முதுமை தடுக்க இயலாத கால்களைச் சாலை தடுத்து நிறுத்திவிட்டது. காலாற நடக்கவும் ஓடவும் ஓர் அடி இடம் விடாமல் ஊர்களைக் கட்டிக்கொண்டிருக்கும் நாம், மருத்துவமனைகளை மட்டும் பெரிதாகக் கட்டி என்ன பயன்?

ஊரார் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தேநீர்க் கடைக்காரர் முதல் வாரத்திலேயே, "என்ன பாய், யாரும் துரத்தலையே, ஏன் ஓடுறீங்க?" என்று கேட்டார். "சர்க்கரை துரத்துதுப்பா" என்றோம். அன்றிலிருந்து நமக்கு அவர் சர்க்கரை இல்லாத தேநீர் போடுவது வழக்கமாயிற்று. திருமண வீடொன்றில் மைத்துனர், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு மச்சான்? முட்டி தேஞ்சு போயிடும்" என்றார். முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பருமனும் பழைய காயங்களும் பெரிய காரணங்கள். அளவோடு ஓடுபவர்களின் முழங்கால் ஓடாதவர்களின் முழங்காலைவிடக் கெட்டுப்போவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. இதை அவரிடம் விளக்கினோம். அவர் இன்னொரு கரண்டி தால்சாவை ஊற்றிக்கொண்டார்.

ஆண்களுக்குக் கிடைப்பது இந்தக் கேலி மட்டுமே. பெண்களுக்கோ கேலிக்கு முன்னதாகவே கதவு மூடியிருக்கிறது. நம் வீட்டார், "நீங்கள் தெருவில் ஓடுகிறீர்கள், நான் எங்கே ஓடுவது?" என்று ஒருநாள் கேட்டபோது, விடை சொல்ல நம்மிடம் ஏதுமில்லை. அவருக்கு மாரத்தானில் நாட்டமில்லை. ஹஜ்ஜுக்குச் செல்லும் நாளில் தன் காலால் தவாஃப் சுற்ற வேண்டும், ஸஃபா மர்வாவுக்கிடையே பிறர் தள்ளும் நாற்காலியில் அமராமல் தானே நடக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 450 மீட்டர். ஏழு முறை என்றால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். குழந்தையின் தாகத்துக்காக அன்னை ஹாஜரா ஓடிய ஓட்டத்தின் நினைவு அது. ஒரு பெண்ணின் ஓட்டத்தை உலக முஸ்லிம்கள் அனைவரும் வணக்கமாகச் செய்துவரும் சமுதாயம் நம்முடையது. அச்சமுதாயத்துப் பெண்கள், நாற்பது வயதில் மாடிப்படி ஏற மூச்சுத் திணறுகின்றனர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், அன்னை வென்றதும், பல காலம் கழித்து அன்னையின் உடல் சற்றுக் கனத்திருந்தபோது மீண்டும் ஓடி, இம்முறை அண்ணலார் வென்று, முன்னதற்கு இது ஈடாயிற்று என்று நகைத்ததும் அபூதாவூது நபிமொழித் தொகுப்பில் உள்ள செய்தி. கணவனும் மனைவியும் சேர்ந்து ஓடுவதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

மேலை நாட்டிலும் இந்தக் கதவு எளிதில் திறந்துவிடவில்லை. 1967இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய கேத்ரின் ஸ்விட்சர் என்னும் பெண்ணை, அதிகாரி ஒருவர் ஓட்டத்தின் நடுவே பிடித்திழுத்து வெளியேற்ற முயன்றார். பெண்களுக்கு அங்கே முறைப்படி இடம் கிடைத்தது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் சேர்ந்தது 1984இல். நாற்பதாண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்த மாரத்தானை வென்றவர், எத்தியோப்பியாவில் பிறந்து நெதர்லாந்தில் அகதியாகக் குடியேறிய ஸிஃபான் ஹஸன் என்னும் முஸ்லிம் பெண்மணி. அதே ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் வெண்கலம் பெற்ற கால்களோடு அவர் மாரத்தானில் தங்கம் வென்றார். தலையை மறைத்த முக்காட்டோடு பரிசு மேடையில் நின்றார். அன்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த நம் மகள், உடனே தாயை அழைத்துக் காட்டினாள்.

வீட்டாரின் பயிற்சி மொட்டை மாடியில் தொடங்கிற்று. அந்தக் குடியிருப்பின் மேல்மாடியைச் சுற்றிவந்தால் 60 மீட்டர். முதலில் பத்துச் சுற்று, பின்னர் இருபது. அடுத்த வீட்டு அம்மையார் துணிகாயப் போட வந்தவர் தாமும் சேர்ந்துகொண்டார். ஆடி மாதத்துக்குள் ஐந்து பெண்கள் ஆயினர். மூவர் முஸ்லிம்கள், இருவர் இந்துக்கள். கீழே தெருவில் நடப்பது பாதுகாப்பன்று என்பதால் மேலே ஏறினர். அது ஒரு வெற்றி. ஆனால் ஊரின் தோல்வியும் அதுவே.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் வாரத் தூரம் 12 கிலோமீட்டரில் தொடங்கி, அப்போது 35ஐத் தொட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் 16 கிலோமீட்டர். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, செங்கல்பட்டு மாவட்டமும் மழையில் மிதந்தது. பந்தயத்துக்கு ஐந்து வாரமே இருந்தது. தொடர்ந்து எட்டு நாட்கள் ஓட முடியவில்லை. பழக்கடைத் தம்பி, "எல்லாம் போச்சு பாய்" என்று மனம் தளர்ந்தார். உண்மையில் எதுவும் போகவில்லை. மாதக்கணக்கில் சேர்த்த வலிமை ஒரு வார ஓய்வில் கரைந்துவிடுவதன்று. விட்டதைப் பிடிக்க வேண்டுமென்று அடுத்த வாரத்தில் இருமடங்கு ஓடுவதுதான் ஆபத்து. தவறிய ஓட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தோம். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் தூரத்தைப் பாதியாகக் குறைத்தோம். விதைத்தவன் அறுவடைக்கு முன்னால் வயலைக் கிளறிக்கொண்டிருப்பதில்லை அன்றோ?

2025 ஜனவரி முதல் ஞாயிறு அன்று விடியுமுன்னரே ஓட்டம் தொடங்கிற்று. இங்கே முஸ்லிம் ஓட்டக்காரனுக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்த மாதத்தில் சுப்ஹு நேரம் தொடங்குவது ஐந்தேகால் மணியளவில். கதிரவன் எழுவது ஆறரைக்கு. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் முழுவதும் நாம் ஓட்டத்தில் இருப்போம். ஓட்டக்காரனின் எண் அட்டையில் ஒட்டியிருக்கும் சிறு கருவி, நின்றாலும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். ஒன்பது மாத உழைப்புக்குப் பின் ஐந்து நிமிடத்தைச் சாலையோரத்தில் விட்டுவிட மனம் வருமா என்பது அதற்கு முன்தினம் இரவுவரை எங்களுக்குள் நடந்த பேச்சு. பெரியவர்தாம் முடிவு சொன்னார்: "ஐந்து நிமிஷம் தாமதமா வந்தா நம்மை யாரும் கேட்கப்போறதில்லை, தம்பி."

ஒளுவோடு புறப்பட்டோம். ஐந்தாவது கிலோமீட்டர் கடந்ததும், ஓட்டக்காரர்களின் வழியிலிருந்து விலகி, நடைபாதையின் சுத்தமான ஓரிடத்தில் துண்டை விரித்து நின்றோம். தக்பீர் கட்டும்போது, அறிமுகமில்லாத இளைஞர் இருவர் ஓட்டத்திலிருந்து விலகி வந்து வரிசையில் சேர்ந்தனர். ஒருவர் பேச்சில் கேரளம் தெரிந்தது. தொழுது முடித்து ஸலாம் சொல்லிவிட்டு எல்லாரும் அவரவர் வேகத்தில் பிரிந்து ஓடினோம். அவர்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

21 கிலோமீட்டரை முடிக்க நமக்கு 2 மணி 48 நிமிடம் ஆயிற்று. பதினேழாவது கிலோமீட்டரில் கால்கள் கல்லாய்க் கனத்தன. பெரியவர் தம் பேரனின் கதையொன்றை எடுத்தார். கதை முடியும்போது பத்தொன்பது வந்திருந்தது. முதலில் ஓடி முடித்தவர் வீடு திரும்பிக் குளித்துச் சிற்றுண்டியும் உண்டிருப்பார். அதனால் என்ன? முன்னால் ஓடுவோர் சிலரே. பின்னால் வருகிற ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுதான் அந்தச் சாலை நிறைகிறது.

இரண்டு மாதம் கழித்து ரமலான் வந்தது. ஓட்டத்தை நிறுத்தவில்லை, சுருக்கினோம். இஃப்தாருக்கு முன் இருபது நிமிடம் மிக மெல்ல. அல்லது தராவீஹுக்குப் பின் அரைமணி. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்போர், நோன்பு வைத்துக்கொண்டு ஓடுவதற்கு முன் மருத்துவரைக் கட்டாயம் கேட்க வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கினால் உயிருக்கே கேடு. தலை சுற்றினால் ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும்; சர்க்கரை இறங்கியிருந்தால் நோன்பையும் முறித்துவிடுவதே முறை. ஓட்டம் நாளையும் இருக்கும்.

ஓடியதால் நோய் நீங்கிற்றா என்று பலர் கேட்கின்றனர். நீங்கவில்லை. ஏறிக்கொண்டிருந்த அளவு இறங்கி நின்றது, மாத்திரை கூடவில்லை. இடுப்புச் சுற்றளவில் இரண்டு அங்குலம் குறைந்தது. இரவில் உறக்கம் ஆழ்ந்தது. இவற்றுக்கு மேல் வாக்களிப்போரை நம்ப வேண்டாம். ஆனால், வீட்டார் இப்போது மொட்டை மாடியில் மூன்று கிலோமீட்டரை நிற்காமல் நடக்கிறார். கடைசிச் சுற்றை ஓடுகிறார். ஹஜ்ஜுக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம்.

குறைந்த அளவேயாயினும் இடைவிடாது செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்பது நபிமொழி. வணக்கத்துக்குச் சொல்லப்பட்ட அந்த நெறி, உடலைப் பேணுவதற்கும் பொருந்தக் காண்கிறோம். இந்த உடல் நமக்கு உடைமையன்று, அமானிதம். அதைத் திருப்பிக் கொடுக்கும் நாள்வரை நல்ல நிலையில் வைத்திருப்பது நம் பொறுப்பு. இதைப் படிக்கும் சகோதரர்களும் சகோதரிகளும் மாரத்தான் ஓட வேண்டியதில்லை. மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, நாளை சுப்ஹுக்குப் பின் பாயில் மீண்டும் சாயாமல், ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடக்கட்டும். மொட்டை மாடியிலேனும் நடக்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகத்தினரும், குடியிருப்புச் சங்கத்தினரும், பெண்கள் அச்சமின்றிக் கால்வீசி நடக்க ஒரு திடலை, ஒரு மணி நேரத்துக்கேனும் ஒதுக்கிக் கொடுக்கட்டும். அது எந்தப் பந்தயத்தில் பெறும் பதக்கத்தையும்விட நம் சமுதாயத்துக்குப் பெரிய பரிசாக அமையும், இன்ஷா அல்லாஹ்.